பால், முட்டை இல்லாமல் ருசியாகச் சாப்பிட: வீகன் சமையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீகன் உணவுக்கு மாற நினைப்பவர்களும், வீட்டில் ஒருவர் மாறிவிட்டதால் என்ன சமைப்பது என்று விழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முதலில் அடுப்படி, அப்புறம் இனிப்பு, கடைசியில் சத்து விஷயங்கள். அளவுகளில் ஒரு கப் என்றால் 240 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி.

சைவத்துக்கும் வீகனுக்கும் என்ன வித்தியாசம்?

சைவத்தில் பால், தயிர், வெண்ணெய், நெய், தேன் எல்லாம் உண்டு. வீகனில் அவை கிடையாது; விலங்கிடமிருந்து வரும் எதுவும் தட்டில் இருக்காது. தமிழில் நனிசைவம் என்றும் சொல்கிறார்கள். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய சில நண்பர்களும் வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அதன் 50ஆம் ஆண்டான 1994 முதல் நவம்பர் 1 உலக வீகன் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஒரே நாளில் முழுசாக மாறிவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏற்கெனவே நீங்கள் சமைக்கும் உணவுகளில் எவை பால், முட்டை இல்லாமலே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பட்டியல் நீங்கள் நினைத்ததைவிட நீளமாக இருக்கும். அதிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஒரு புது உணவைச் சேர்த்துக்கொண்டே போனால் போதும். முதல் நாளே விலை கூடிய போலி இறைச்சி, போலி சீஸ் பாக்கெட்டுகளை வாங்கிக் குவிப்பவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள்.

தாவர உணவு சப்பென்று இருக்காதா?

இருக்கும், சமைக்கிற விதத்தில் சமைக்காவிட்டால். பாலும் வெண்ணெயும் இறைச்சியும் ஒரு உணவில் இரண்டு காரியம் செய்கின்றன: கொழுப்பைத் தருகின்றன, நாக்கில் நிற்கும் ஒரு ஆழமான சுவையைத் தருகின்றன. அவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதுவும் வைக்காமல் விட்டால் சாப்பாடு சப்பென்றுதான் ஆகும். காய்கறி மேல் பழி போட்டுப் பயனில்லை.

அந்த ஆழமான சுவைக்கு உமாமி என்று பெயர். கொம்பு என்ற கடற்பாசியில் கொதிக்கவைத்த சாறு ஏன் அவ்வளவு ருசியாக இருக்கிறது என்று ஆராய்ந்த ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா, 1908இல் அதற்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். அதே குளுட்டமேட் பழுத்த தக்காளியில் உண்டு. சோயா சாஸ், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), நியூட்ரிஷனல் ஈஸ்ட் (சீஸ் மணம் தரும், மாவைப் பொங்கவைக்காத உலர் ஈஸ்ட்) ஆகியவற்றிலும் நிறைய உண்டு. உலர்ந்த ஷிடாகே காளானில் இருக்கும் குவானிலேட் என்ற பொருள் குளுட்டமேட்டோடு சேரும்போது சுவை பல மடங்கு தூக்கலாகத் தெரியும். அதனால்தான் தக்காளிக் குழம்பில் நாலு உலர்ந்த காளானை ஊறவைத்து, அந்த ஊறிய தண்ணீரோடு சேர்த்தால் மணிக்கணக்கில் கொதித்த மாதிரி ஒரு கனம் வருகிறது.

கொழுப்புக்கு எண்ணெய், தேங்காய்ப் பால், எள் விழுது, முந்திரி விழுது இருக்கின்றன. மூன்றாவதாகப் பலரும் மறப்பது புளிப்பு. சமைத்து முடித்ததும் ருசி பார்த்து 'என்னவோ குறைகிறதே' என்று தோன்றினால், உப்பு டப்பாவைத் தேடும் முன் அரை எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள்.

இன்னொன்று, காய்களை நன்றாகச் சிவக்க விடுங்கள். காலிஃப்ளவரை வேகவைத்தால் ஒரு காய். 220 டிகிரி சூட்டில் எண்ணெய் தடவி ஓரம் கருகும்வரை சுட்டால் அதுவே வேறு காய்.

கேக்கில் முட்டைக்குப் பதில் என்ன போடுவது?

முட்டை அந்தக் கேக்கில் என்ன வேலை பார்த்தது என்று முதலில் பாருங்கள். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே மாற்று கிடையாது.

பிடிப்புக்காக இருந்தால் ஆளி விதை நல்லது. ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர். கலந்து பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று இழுக்கும் பதத்துக்கு வந்துவிடும். விதையை முழுசாகப் போட்டால் இந்தப் பதம் வராது, பொடிக்க வேண்டும். பிஸ்கட், மஃபின், பிரவுனி, கட்லெட் எல்லாவற்றுக்கும் இது சரி.

ஈரப்பதத்துக்காக இருந்தால் கால் கப் மசித்த வாழைப்பழமோ ஆப்பிள் கூழோ போதும். வாழைப்பழம் தன் மணத்தைக் கொண்டுவந்துவிடும். அது பிடிக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

உப்பி வருவதற்காக இருந்தால் பேக்கிங் சோடாவும் வினிகரும். நுரைக்காக இருந்தால் கொண்டைக்கடலைத் தண்ணீர். அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது. நாலைந்து முட்டை கேட்கிற ஸ்பாஞ்ச் கேக்கில் இப்படி ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு மல்லுக்கட்டாதீர்கள். அதற்கென்றே எழுதப்பட்ட வீகன் குறிப்பைத் தேடுவது நல்லது.

சரி, முதல் முறை செய்பவருக்கு ஒரு கேக் சொல்லுங்கள்.

முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் கிடைக்காத காலத்தில் அமெரிக்க வீடுகளில் பரவிய சாக்லேட் கேக் ஒன்று உண்டு. 'வாக்கி கேக்' என்பார்கள். வீகன்களுக்காக உருவானது அல்ல, ஆனால் இதைவிட எளிய வீகன் கேக் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி கோகோ பவுடர், ஒரு தேக்கரண்டி பேக்கிங் சோடா, அரை தேக்கரண்டி உப்பு. இவற்றைச் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர், ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி வெனிலா எசென்ஸ். இதை மாவில் ஊற்றி, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலக்குங்கள். சில சின்னக் கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. அடித்துக்கொண்டே இருந்தால் மைதாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி கேக் ரப்பராகிவிடும்.

ஊற்றியவுடனே மாவுக்குள் குமிழ் கிளம்புவதைப் பார்க்கலாம். வினிகரும் சோடாவும் சேர்ந்து வெளிவிடும் கரியமில வாயு அது, கேக்கைத் தூக்குவதும் அதுதான். அதனால் கலந்த மாவை மேடையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். 180 டிகிரிக்குச் சூடாக்கிய அவனில், எட்டு அங்குலத் தட்டில், 30 முதல் 35 நிமிடம். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வந்தால் எடுத்துவிடலாம். வினிகர் வாசம் மிஞ்சாது.

கொண்டைக்கடலை வெந்த தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்குமாமே, உண்மையா?

உண்மை. 2014இல் ஃபிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசல் பருப்பு வெந்த நீர் நுரைப்பதைக் கண்டு எழுதினார். 2015இல் அமெரிக்கரான கூஸ் வோல்ட் கடலைத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் வைத்து மெரிங்கு (வழக்கமாக வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து உலர்த்தும் இனிப்பு) செய்து காட்டினார். 'அக்வாஃபாபா' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். வேகும்போது கடலையிலிருந்து தண்ணீரில் இறங்கும் புரதமும் மாவுச்சத்தும்தான் நுரையைப் பிடித்து நிறுத்துகின்றன.

டின்னில் வரும் உப்பில்லாத கொண்டைக்கடலையின் நீரை அப்படியே எடுக்கலாம். வீட்டில் வேகவைத்ததானால், கடலையை எடுத்த பிறகு அந்த நீரை வெள்ளைக்கரு பதத்துக்கு வற்றவிட்டு, குளிர்ந்த பின் பயன்படுத்துங்கள். அரை கப் நீருக்கு கால் தேக்கரண்டி க்ரீம் ஆஃப் டார்ட்டர் (நுரை நிற்க உதவும் புளிப்புப் பொடி) சேர்த்து எலக்ட்ரிக் பீட்டரால் அடிக்க ஆரம்பியுங்கள். முதலில் சோப்பு நுரை மாதிரி பெரிய குமிழ்கள் வரும். பொறுத்தால் வெள்ளையாகத் திரளும். அப்புறம் அரை கப் பொடித்த சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, பாத்திரத்தைச் சாய்த்தாலும் நகராத அளவுக்கு அடிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் பயப்பட வேண்டாம். சின்னச் சின்னதாகப் பிழிந்து, 100 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் உலரவிட்டு, அவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள். காற்றில் ஈரம் இருந்தால் சீக்கிரம் பிசுபிசுக்கும், உடனே டப்பாவில் அடையுங்கள்.

பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை வராது. கேக்கில் கலப்பதானால், மூன்று மேசைக்கரண்டி நீர் ஒரு முழு முட்டைக்குச் சமம்.

எந்தத் தாவரப் பாலை எதற்குப் பயன்படுத்துவது?

ஒன்றை மட்டும் வாங்குவதானால் சோயா. பசும்பாலுக்கு அருகில் வரும் அளவு புரதம் அதில்தான் இருக்கிறது. ஒரு கப்பில் சுமார் 7 கிராம். தயிராக உறைய வைக்கவும் அதுவே எளிது. காபி, டீ, பான்கேக்குக்கு ஓட்ஸ் பாலின் இயல்பான இனிப்பு நன்றாக இருக்கும். குழம்பு, சூப், இனிப்புக்குத் தேங்காய்ப் பால். பாதாம் பால் லேசானது. மணத்துக்காகக் குடிக்கலாம், கடையில் வாங்குவதில் புரதம் மிகக் குறைவு. அரிசிப் பால் தண்ணீராகவும் இனிப்பாகவும் இருக்கும், அதில் எனக்குப் பெரிய விருப்பம் இல்லை.

சமையலுக்கு வாங்கும்போது சர்க்கரை சேர்க்காததா என்று பார்த்து வாங்குங்கள். வெனிலா மணம் போட்ட இனிப்புப் பாலை உருளைக்கிழங்கு மசியலில் ஊற்றினால் அவ்வளவுதான்.

காபியில் ஊற்றினால் சோயா பால் திரிந்துபோகிறதே?

காபியின் அமிலமும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரளவைக்கின்றன. பாலை முதலில் இளஞ்சூடாக்கிக் கோப்பையில் ஊற்றுங்கள், அதன் மேல் காபியை மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். புளிப்பு குறைந்த, நன்கு வறுத்த காபித்தூளும் உதவும். 'பாரிஸ்டா' என்று எழுதி விற்கும் பால்களில் அமிலத்தைச் சமன்படுத்தும் உப்புகளைச் சேர்த்திருப்பார்கள், அதனால் அவை திரிவது அரிது. திரிந்த பால் கெட்டது அல்ல. பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

வீட்டில் செய்யும் ஓட்ஸ் பால் ஏன் கொழகொழக்கிறது?

அதிகம் அரைப்பதால். ஓட்ஸை ஊறவைக்காதீர்கள். ஒரு கப் ஓட்ஸுக்கு நாலு கப் ஐஸ் தண்ணீர் ஊற்றி, 30 விநாடிக்குள் மிக்ஸியை நிறுத்துங்கள். வடிகட்டும்போது துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். சூடாக்கினால் கெட்டியாகும், ஓட்ஸில் மாவுச்சத்து அதிகம்.

சீஸை விட முடியவில்லை. என்ன செய்வது?

வீகனுக்கு மாறுபவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். பீட்சா மேல் சீஸ் உருகி நூலாக இழுபடுவதற்குக் காரணம் கேசின் என்ற பால் புரதம். தாவரங்களில் அது கிடையாது. கடையில் விற்கும் வீகன் சீஸ்களில் பெரும்பாலானவை தேங்காய் எண்ணெயும் ஸ்டார்ச்சும். சில நன்றாக இருக்கும், சில மெழுகு மாதிரி இருக்கும். வீட்டிலேயே செய்வது பல நேரங்களில் மேல்.

உருகுவதும் இழுபடுவதும் வேண்டுமானால்: அரை கப் முந்திரியை நாலு மணி நேரம் ஊறவையுங்கள், அல்லது 15 நிமிடம் கொதிக்கவையுங்கள். வடித்து, ஒரு கப் தண்ணீர், நாலு மேசைக்கரண்டி மரவள்ளி ஸ்டார்ச், இரண்டு மேசைக்கரண்டி நியூட்ரிஷனல் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரை தேக்கரண்டி உப்பு, ஒரு சின்னப் பல் பூண்டு சேர்த்து வெண்ணெயாக அரைத்துக்கொள்ளுங்கள். அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு அடியில் அங்கங்கே கட்டி தட்டும். கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும். விடாமல் கிளறுங்கள். சட்டென்று எல்லாம் ஒன்று சேர்ந்து, கரண்டியைத் தூக்கினால் பளபளவென்று இழுபடும். அதுதான் பதம். சோள மாவில் இந்த இழுவை வராது, மரவள்ளி ஸ்டார்ச்தான் வேண்டும்.

மேலே தூவுவதற்கு என்றால் முக்கால் கப் முந்திரி, மூன்று மேசைக்கரண்டி நியூட்ரிஷனல் ஈஸ்ட், முக்கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் பூண்டுப் பொடி. மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி ரவை பதத்தில் எடுங்கள். பாஸ்தா, சூப் எதன்மேலும் போடலாம்.

டோஃபு (சோயா பாலை உறையவைத்துச் செய்யும் பன்னீர் மாதிரிக் கட்டி) எனக்குப் பிடிக்கவே இல்லை.

பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே குழம்பில் போட்டால் யாருக்கும் பிடிக்காது. டோஃபுவுக்குள் நிறைய தண்ணீர் இருக்கிறது. அது வெளியேறினால்தான் மசாலா உள்ளே போகும். கெட்டியான வகையை வாங்கி, துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரத்தை வைத்து 20 நிமிடம் விடுங்கள். துண்டாக்கி, உப்பு, மிளகு, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவில் புரட்டி, சூடான எண்ணெயில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். போட்டதும் கிண்டாதீர்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் தானாகவே வாணலியை விட்டுக் கிளம்பும், அப்போது திருப்பினால் போதும். சாஸ் கடைசியில்தான்.

சவைக்கும்படி வேண்டுமானால் ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்து, பனி இளகியதும் பிழியுங்கள். பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி ஸ்பாஞ்ச் போல ஆகிவிடும், சாஸை இழுத்து வைத்துக்கொள்ளும். 'சில்கன்' என்று வரும் மிருதுவான டோஃபுவை வறுக்க நினைக்காதீர்கள். அது அரைப்பதற்கு.

முட்டை இல்லாத மயோனைஸ் வீட்டில் வருமா?

ஐந்தே நிமிடம். அரை கப் இனிப்பில்லாத சோயா பால், ஒரு கப் மணமில்லாத எண்ணெய், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரை தேக்கரண்டி கடுகு விழுது, உப்பு. எல்லாம் அறைச் சூட்டில் இருக்கட்டும். குறுகலான உயரப் பாத்திரத்தில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை அடிவரை இறக்கி, அசைக்காமல் ஓட்டுங்கள். அடியிலிருந்து வெள்ளையாகக் கெட்டியானதும் மெல்ல மேலே தூக்குங்கள். சோயாவின் புரதமும் லெசித்தினும் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடிக்கின்றன. பாதாம் பாலில் இது பெரும்பாலும் சேராது.

சாக்லேட் சாப்பிடலாமா?

தாராளமாக. கோகோ பட்டர் என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அது கோகோ விதையின் கொழுப்பு. டார்க் சாக்லேட் பலவற்றில் பால் கிடையாது. ஆனாலும் சிலர் பால் கொழுப்பு சேர்ப்பதுண்டு, பின்பக்கம் படித்துவிடுங்கள்.

கையில் ஒரு டார்க் சாக்லேட் கட்டி இருந்தால், வெறும் தண்ணீரை வைத்தே மூஸ் என்ற மிருதுவான க்ரீம் இனிப்பைச் செய்யலாம். சாக்லேட்டில் தண்ணீர் படவே கூடாது என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். ஃபிரெஞ்சு வேதியியலாளர் எர்வே திஸ் உருவாக்கிய முறை இது. கொஞ்சம் தண்ணீர் பட்டால்தான் சாக்லேட் கட்டிபடும்; போதுமான அளவு ஊற்றினால் கொழுப்பு நீரோடு கலந்து க்ரீம் போல நிற்கும்.

70 சதவீத டார்க் சாக்லேட் 220 கிராம், தண்ணீர் 200 மி.லி. இரண்டையும் சிறு தீயில் உருக்குங்கள். பெரிய பாத்திரத்தில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, அதன்மேல் சாக்லேட் பாத்திரத்தை உட்காரவைத்து, விஸ்க்கால் கையாலேயே அடியுங்கள். கொஞ்ச நேரம் சாக்லேட் தண்ணீராகவே இருக்கும். நிறம் லேசாக வெளுத்து, விஸ்க் போன தடம் மறையாமல் நின்றால் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. இன்னும் நாலு சுற்று அடித்தால் மணல் மணலாகிவிடும். ஆனாலும் கவலை இல்லை: மறுபடி உருக்கி, மறுபடி அடிக்கலாம். இறுகவே மாட்டேன் என்றால் சாக்லேட் போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்து உருக்குங்கள். ஒரு சிட்டிகை உப்பும் மேலே கொஞ்சம் வறுத்த பருப்பும் போட்டால் விருந்துக்கே வைக்கலாம்.

ஐஸ்கிரீம்?

தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழங்களை வில்லைகளாக நறுக்கி, ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் மிக்ஸியில் போட்டால் முதலில் பொடிப்பொடியாகும், பிறகு உருண்டை கட்டும். ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் ஓட்டுங்கள், திடீரென்று க்ரீமாகிவிடும். சர்க்கரை தேவையில்லை. கோகோவோ வேர்க்கடலை வெண்ணெயோ ஒரு கரண்டி சேர்த்தால் வாழைப்பழ வாசனை அடங்கும். செய்ததும் சாப்பிட்டுவிட வேண்டும், திரும்ப உறையவைத்தால் கல்லாகும்.

பாக்கெட்டில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பால் பொடி, வே (பால் திரிந்ததும் பிரியும் நீர்), கேசின், சோடியம் கேசினேட், ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது), தேன். 'பால் சாராத க்ரீமர்' என்று முன்பக்கம் போட்டிருந்தாலும் பின்பக்கம் கேசினேட் இருக்கலாம். சேர்க்கை எண்களில் 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், 901 தேன் மெழுகு, 904 ஷெல்லாக், அதாவது அரக்கு. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருகிறது. பாறைப்பாசியிலிருந்து எடுத்த டி3-யும் கிடைக்கிறது.

வீணாகப் பயப்பட வைப்பவையும் உண்டு. லாக்டிக் அமிலம் பொதுவாகத் தாவரச் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் செய்வது. 322 என்ற லெசித்தின் பெரும்பாலும் சோயா அல்லது சூரியகாந்தி. 'பால் கலந்திருக்கலாம்' என்பது ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை. அதே இயந்திரத்தில் பால் பொருளும் ஓடுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். செய்முறையில் பால் இருப்பதாக அல்ல.

புரதம் போதுமா?

வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். வெந்த பருப்பு ஒரு கப்பில் சுமார் 18 கிராம், வெந்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 14, சோயா பால் ஒரு கப்பில் 7, வேர்க்கடலை வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியில் 7. கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிட்டது. அரிசி, கோதுமை, காய்களில் இருப்பதை இன்னும் சேர்க்கவே இல்லை. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை, ஒரு நாளுக்குள் சாப்பிட்டால் சரி.

பி12 மாத்திரை அவசியமா?

அவசியம். இந்தப் பக்கத்தில் விட்டுக்கொடுக்காமல் சொல்லும் ஒரே விஷயம் இது. பி12ஐச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை, பாக்டீரியாக்கள் செய்கின்றன. தாவர உணவில் நம்பத்தக்க அளவு கிடையாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத வடிவம். குறைபாடு வெளியே தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

வீகன் சொசைட்டி மூன்று வழிகளைச் சொல்கிறது: பி12 சேர்த்த உணவுகளை நாளுக்கு இரண்டு மூன்று வேளை சாப்பிட்டு குறைந்தது 3 மைக்ரோகிராம் பெறுவது, அல்லது தினமும் 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம். ஏதாவது ஒன்று. கர்ப்பிணிகளும் குழந்தைகளுக்கு வீகன் உணவு தருபவர்களும் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கலந்துகொண்டு திட்டமிடுங்கள்.

இரும்பு, கால்சியம்?

பருப்பு, கீரையில் உள்ள இரும்பு உடலில் சேர வைட்டமின் சி உதவுகிறது. எலுமிச்சை, தக்காளி, குடைமிளகாய் எதுவானாலும் சரி. சாப்பிட்டதும் டீ, காபி குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கால்சியம் சேர்த்த பால், கால்சியம் சல்ஃபேட்டால் உறையவைத்த டோஃபு, எள் நல்லவை. பசலைக் கீரையில் கால்சியம் இருந்தாலும் கீரையிலேயே இருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பால் பெட்டியை ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும். அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு.

பயறு வகைகள் வயிற்றை உப்பவைக்கின்றனவே?

இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். சின்ன அளவில் தொடங்கினால் சில வாரங்களில் வயிறு பழகிவிடும். ராஜ்மா விஷயத்தில் மட்டும் கவனம்: அதில் இயற்கையாகவே ஒரு நச்சு, லெக்டின், இருக்கிறது. ஊறவைத்த பிறகு குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தால்தான் அது போகும். மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவைப் போடாதீர்கள், அந்தச் சூடு போதாது. பிரஷர் குக்கரில் பிரச்சினை இல்லை.

வீகன் என்றாலே உடம்புக்கு நல்லதா?

இல்லை. உருளைக்கிழங்கு சிப்ஸும் கோலாவும் வீகன்தான்.

அசதியான நாளில் அரை மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

மசூர் பருப்பு சூப். ஊறவைக்க வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு வதக்குங்கள். வெங்காயம் பழுப்பானதும் இரண்டு தக்காளி, கொஞ்சம் மிளகாய்த் தூள் சேர்த்து, தக்காளி குழைந்து எண்ணெய் பிரியும்வரை விடுங்கள். கழுவிய பருப்பு ஒரு கப், தண்ணீர் நாலு கப், உப்பு. 20 நிமிடத்தில் பருப்பு கரைந்துவிடும். அரை கப் தேங்காய்ப் பால் ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்கி, எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். மிஞ்சினால் மறுநாள் கெட்டிப்பட்டு இருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்குங்கள். முதல் நாளைவிட அன்று ருசி கூடுதல்.

வீட்டில் நான் மட்டும்தான் வீகன். இரண்டு சமையல் செய்ய முடியவில்லை.

இரண்டு செய்யாதீர்கள். பொதுவான பகுதியை எல்லோருக்குமாக வீகனாகச் சமைத்துவிட்டு, சீஸ், தயிர், வெண்ணெய் வேண்டியவர்கள் அவரவர் தட்டில் போட்டுக்கொள்ளும்படி மேசையில் வையுங்கள். சூப், பாஸ்தா, காய்கறி வறுவல், சாலட் எல்லாம் இப்படி நடக்கும். மற்றவர்களுக்கு முதல் முறை பரிமாறும்போது 'இது வீகன்' என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டாம் என்பது என் யோசனை; அறிவித்தால் குறை கண்டுபிடிக்கவே சாப்பிடுவார்கள். ஆனால் சோயா, முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று கட்டாயம் முன்பே கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன குறிப்புகள் பலவற்றில் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறது.